மெஷின் நல்லாத்தான் இருந்தது, தொழில் ஏன் படுத்தது?



கொஞ்ச காலமாக நம் குழுக் கூட்டங்களில் புதுப் புதுத் தொழில்களைப் பற்றிய பேச்சு வருகிறது. சோலார் உலர்த்தி வைத்து கருவாடும் கொப்பரையும் காயவைக்கலாமா, சாண எரிவாயுக் கலன் வேலையை எடுத்துச் செய்யலாமா, பாக்கு மட்டைத் தட்டு மெஷின் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்விகள்தான். ஆனால் இந்தக் கடனை வாங்கப்போவது ஒருத்தி இல்லை, குழு. தொழில் நொடிச்சுப் போனா தவணை நமக்காகக் காத்து நிக்காது. பன்னிரண்டு வீட்டுச் சேமிப்பில் இருந்துதான் அது போகும். பிள்ளைக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட உள்கடன் கேட்டு வருகிற உறுப்பினருக்கு, "பணம் இல்லை அக்கா" என்று சொல்ல வேண்டி வரும். அதனால் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடும் முன்னால் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வோம்.

இந்தத் தொழில்களுக்கு இப்போது ஏன் இவ்வளவு பேச்சு?

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் நம் மாவட்டத்தை என்ன பாடு படுத்தியது என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. வாழையும் ரப்பரும் தென்னையும் ஒரே நாளில் சாய்ந்தன. 2023 டிசம்பரில் தென் மாவட்டங்களில் கொட்டிய பேய்மழையையும் பார்த்தோம். ஏதோ ஒரு புயலை மட்டும் காட்டி, காரணம் இதுதான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரித்த புகையால் பூமியும் கடலும் சூடாகி வருகின்றன. கடல் சூடானால் புயலின் பலமும் மழையின் கனமும் கூடும் என்பது விஞ்ஞானிகள் கண்டது.

இந்தப் புகையைக் குறைக்கிற கருவிகளும், மாறிப்போன மழை வெயிலுக்கு நடுவே பிழைக்க உதவுகிற கருவிகளும் சேர்ந்துதான் பருவநிலைத் தொழில்நுட்பம். ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்றை நம்பி முப்பந்தலில் நிற்கிற காற்றாலைகள் இதில் பெரிய வகை. அது கோடிக்கணக்கில் முதல் போடுகிறவர்களின் தொழில். சோலார் விளக்கு, உலர்த்தி, எரிவாயுக் கலன், தென்னை நார்ச்சோறு ஆகியவை நம் கைக்கு எட்டக்கூடிய வகை.

புதுப் பொருளையோ புது முறையையோ வைத்து ஆரம்பிக்கிற சின்னக் கம்பெனியை இப்போது 'ஸ்டார்ட்அப்' என்கிறார்கள். பேருதான் புதுசு. இந்த மாதிரி முயற்சி நம் மண்ணில் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே நடந்திருக்கிறது.

மார்த்தாண்டத்துத் தேன் பெட்டி

அந்தக் காலத்தில் மரப்பொந்தில் இருக்கிற தேன்கூட்டைப் பிய்த்துப் பிழிந்துதான் தேன் எடுத்தார்கள். 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், சட்டம் வைத்த பெட்டியில் தேனீ வளர்ப்பதைப் பரப்பினார். அடையை அழிக்காமல் தேன் எடுக்கலாம், அதே கூடு மறுபடியும் தேன் தரும். அன்றைக்கு அதுதான் புது டெக்னாலஜி. 'மார்த்தாண்டம் பெட்டி' என்றே ஒரு வகைப் பெட்டிக்குப் பேர் வந்தது.

அது எப்படி நிலைத்தது என்று பாருங்கள். பெட்டியை உள்ளூர் ஆசாரியே செய்துவிடலாம். தேனீ நம் ஊர்த் தேனீதான். முட்டை, தேன் போன்றவற்றை ஆளுக்கு ஆள் தனித்தனியாக விற்று ஏமாறாமல், சேர்ந்து விற்கக் கூட்டுறவு முறையும் கூடவே வந்தது. 1991-92 வாக்கில் தென்னிந்தியா முழுவதும் ஒரு வைரஸ் நோய் வந்து பெரும்பாலான தேனீக் கூடுகள் அழிந்தன. நம் மாவட்டத் தேனீக்காரர்களும் கையைச் சுட்டுக்கொண்டார்கள். ஆனாலும் பெட்டி செய்யத் தெரிந்த ஆசாரியும், கூடு பிரிக்கத் தெரிந்த ஆளும், தேன் வாங்குகிற இடமும் ஊரிலேயே இருந்ததால் தொழில் மறுபடி தலைதூக்கியது.

நாலு லட்சம் வீட்டுக்குப் போன அடுப்பு

இனி, நன்றாக ஆரம்பித்து வீட்டுச் சமையலறையில் நிலைக்காமல் போன ஒன்றைப் பார்ப்போம். இது நம்மைப் போன்ற குழுப் பெண்கள் சம்பந்தப்பட்டது.

'ஊர்ஜா' என்று ஒரு அடுப்பு. பி.பி. என்ற பெரிய எண்ணெய்க் கம்பெனி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தோடு சேர்ந்து இதைக் கொண்டுவந்தது. 2006-ல் விற்பனை தொடங்கியது. பயிர்க் கழிவைப் பொடித்து, அழுத்திச் செய்த சின்னச் சின்னக் கட்டிகள்தான் எரிபொருள். பேட்டரியில் ஓடுகிற குட்டி ஃபேன் காற்றை ஊதிக் கொடுக்கும். விறகு அடுப்பைவிடப் புகை மிகக் குறைவு. மகாராஷ்டிரம், கர்நாடகம், தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுய உதவிக் குழுப் பெண்களே முகவர்களாக நின்று விற்றார்கள். 4 லட்சம் அடுப்புகளுக்கு மேல் போனது.

அப்புறம் என்ன ஆச்சு? அடுப்பை ஒரு தடவை வாங்கினால் போதும், ஆனால் கட்டியை மாதா மாதம் வாங்க வேண்டும். அது வேறு இடத்து ஆலையில் இருந்து வர வேண்டும். அதற்கான பயிர்க் கழிவை மற்ற ஆலைகளும் கொதிகலனுக்கு எரிக்க வாங்க ஆரம்பித்ததும் விலை ஏறியது. கட்டி விலையும் ஏறியது. கொதும்பும் சிரட்டையும் மட்டையும் காசில்லாமல் கிடைக்கிற கிராமத்தில் யார் விலை கொடுத்து வாங்குவார்கள்? 2009-ல் பெரிய கம்பெனி தொழிலைக் கைமாற்றிவிட்டுப் போய்விட்டது. அதை எடுத்து நடத்தியவர்கள் வீடுகளை விட்டு ஓட்டல், கேன்டீன் பக்கம் திரும்பினார்கள். கிராமத்தில் அடுப்பு பரணுக்குப் போனது. பக்கத்து வீட்டு அக்காவிடம் நல்ல வார்த்தை சொல்லி விற்ற முகவர் பெண்தான் அந்த அக்கா முகத்தில் முழிக்க வேண்டியிருந்தது.

அதற்கு முன்னாலும் இப்படி நடந்திருக்கிறது. 1980களில் தொடங்கி 2002 வரை மத்திய அரசு புகையில்லா அடுப்புத் திட்டத்தை நடத்தியது. நாடு முழுவதும் 3 கோடிக்கு மேல் அடுப்புகள் வைத்துக் கொடுத்தார்கள். குழாயில் கரி அடைத்தாலோ, களிமண் வெடித்தாலோ சரிபண்ண ஆள் இல்லை. சமைக்கிறவளிடம் கேட்காமல் செய்ததால் பானை சரியாக உட்காராத அடுப்புகளும் உண்டு. பெரும்பாலானவை சில வருஷத்தில் கைவிடப்பட்டன.

பணம் இருந்தால் மட்டும் போதுமா?

முதல் போட ஆள் இல்லாததால்தான் தொழில் தோற்கிறது என்று நாம் நினைக்கிறோம். அமெரிக்காவில் சொலிண்ட்ரா என்று ஒரு சோலார் கம்பெனி 2005-ல் தொடங்கியது. அரசாங்கமே 53.5 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது. அவர்கள் செய்த சோலார் குழாய் வேலை செய்யாமல் இல்லை. ஆனால் சாதாரணச் சோலார் தகட்டின் விலை உலகச் சந்தையில் மடமடவென்று இறங்கியது. இவர்கள் பொருள் விலை கூடுதல். 2011-ல் கம்பெனி திவாலாகி, ஆயிரம் பேருக்கு மேல் வேலை போனது.

2014-ல் சி.பி. இன்சைட்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் மூடிப்போன 101 ஸ்டார்ட்அப் கம்பெனிகளின் கதையை எடுத்துப் பார்த்தது. நூற்றுக்கு 42 கம்பெனிகள் சொன்ன காரணம், "நாங்கள் செய்த பொருள் மக்களுக்குத் தேவைப்படவில்லை" என்பது. கைக்காசு தீர்ந்துபோனது என்று சொன்னவை நூற்றுக்கு 29. அதாவது, பொருளைச் செய்துவிட்டு அப்புறமாக ஆள் தேடியவர்களே அதிகம்.

ஜெயித்தவர்கள் என்ன செய்தார்கள்?

கர்நாடகத்தில் 1995-ல் தொடங்கிய செல்கோ கம்பெனி, கரண்ட் இல்லாத வீடுகளுக்கும் தெருவோர வியாபாரிகளுக்கும் சோலார் விளக்கு கொடுத்தது. "மாசம் 300 ரூபாய் எங்களால முடியாது, ஒரு நாளைக்கு 10 ரூபாய்னா தரலாம்" என்கிற வியாபாரிகளின் கணக்கைப் புரிந்துகொண்டார்கள். இரண்டும் ஒரே தொகைதான். ஆனால் அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் செலவழிக்கிற ஆளுக்கு இரண்டும் ஒன்றில்லை என்பது தண்டல் கட்டிய நமக்குத் தெரியாததா? கிராமிய வங்கிகளோடு பேசி, வருமானம் வருகிற விதத்துக்கு ஏற்ற தவணைக்கு ஏற்பாடு செய்தார்கள். ஊருக்குப் பக்கத்தில் சர்வீஸ் மையமும் வைத்தார்கள். அவர்களுக்கும் சோதனை வந்தது. 2005 வாக்கில் ஜெர்மனியில் சோலாருக்குக் கொடுத்த சலுகையால் அங்கே தேவை கூடி, தகட்டின் விலை எல்லா நாட்டிலும் ஏறியது. செல்கோ நஷ்டத்தில் விழுந்து, சிரமப்பட்டு எழுந்தது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஹரீஷ் ஹண்டேக்கு 2011-ல் மகசேசே விருது கிடைத்தது.

ராஜஸ்தான் டுங்கர்பூரில் பழங்குடிப் பெண்களின் குழுக் கூட்டமைப்புகள் சேர்ந்து 'துர்கா' என்ற பெயரில் சோலார் கம்பெனியே வைத்திருக்கிறார்கள். எடுத்த எடுப்பில் ஆலை கட்டவில்லை. முதலில் மும்பை ஐ.ஐ.டி.யின் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படிப்பு விளக்கு பூட்டவும், விற்கவும், பழுது பார்க்கவும் கற்றுக்கொண்டார்கள். கை பழகிய பிறகு 2017-ல் சோலார் தகடு செய்யும் ஆலைக்கு வந்தார்கள்.

மகாராஷ்டிரத்தில் எஸ்4எஸ் என்ற கம்பெனி கிராமப் பெண்களுக்குச் சோலார் உலர்த்தி கொடுக்கிறது. காயவைத்த காய்கறியை அதே கம்பெனி வாங்கி உணவுக் கம்பெனிகளுக்கு விற்கிறது. 2023-ல் உலக அளவிலான எர்த்ஷாட் பரிசு அதற்குக் கிடைத்தது. உலர்த்தி வேறு கம்பெனிகளும் செய்கின்றன. காய்ந்த சரக்கை வாங்குகிற இடத்தையும் சேர்த்துக் கொடுத்ததுதான் இவர்கள் செய்த கெட்டிக்காரத்தனம்.

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு ஒன்று விளங்குகிறது. மெஷின் கெட்டதால் மூடிய தொழில் குறைவு. மெஷினைச் சுற்றி இருக்க வேண்டிய வாங்குகிற ஆள், மூலப்பொருள், ரிப்பேர்காரர், கையிருப்பு ஆகிய நான்கில் ஒன்று இல்லாததால் மூடியதுதான் அதிகம்.

நம் ஊரில் எதைச் செய்யலாம்?

*சோலார் உலர்த்தி.* கண்ணாடி போன்ற ஷீட் போட்ட அறைக்குள் வெயில் நுழையும், சூடு உள்ளேயே நிற்கும், ஈரக் காற்றை ஃபேன் வெளியே தள்ளும். தூசி, ஈ, காக்காய்த் தொல்லை இல்லை. தேங்காய்ப் பருப்பில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர்; அதை 6 சதவீதம் அளவுக்குக் கொண்டுவந்தால்தான் கொப்பரையில் பூஞ்சை பிடிக்காது. நெத்திலி, ஜாதிக்காய், கிராம்பு, மரச்சீனி, ஏத்தன்காய் என்று காயவைக்க நம்மிடம் பொருள் நிறைய உண்டு.

ஆனால் நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். வெயிலே இல்லாத நாளில் சோலார் உலர்த்தி வெறும் அறைதான். கருவாடு என்றால் விசைப்படகுத் தடைக்காலம் வேறு 61 நாள். சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல், குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல். ஒரு கணக்குப் போடுவோம், இது உதாரணக் கணக்குதான். 60,000 ரூபாய் கடன், 12 சதவீத வட்டி, 24 மாதத் தவணை. மாதம் சுமார் 2,825 ரூபாய் கட்ட வேண்டும். வருஷத்துக்கு 33,900 ரூபாய். செலவு போகக் கிலோவுக்கு 10 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்தால், பன்னிரண்டு மாதமும் ஓடினால் மாதம் 283 கிலோ விற்றால் தவணை அடையும். மழையிலும் தடைக்காலத்திலும் 4 மாதம் சும்மா கிடந்தால், மீதி 8 மாதத்தில் மாதம் 424 கிலோ விற்க வேண்டும். அதுவும் தவணைக்கு மட்டும்தான். நம் கூலி அதற்கு மேல். மெஷின் விற்க வருகிறவர் சொல்லுகிற கணக்கில் எல்லா நாளும் வெயிலடிக்கும். நம் கணக்கில் மழையும் பெய்ய வேண்டும்.

*எரிவாயுக் கலன்.* 25 கிலோ சாணத்தில் ஏறத்தாழ 1 கன மீட்டர் வாயு கிடைக்கும். அது சுமார் 0.45 கிலோ சமையல் கேஸுக்குச் சமம். தினமும் ஒழுங்காகப் போட்டால் ஒரு மாதத்தில் ஒரு 14.2 கிலோ சிலிண்டர் அளவுக்கு வரும். ஆனால் ஒற்றை மாடு இருக்கிற வீட்டில் 25 கிலோ சாணத்துக்கு எங்கே போவது? முன்னால் ஊருக்கு ஊர் கட்டிய பல கலன்கள் வறண்டு கிடந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கன்னியாகுமரி விவேகானந்தபுரத்தில் இருக்கிற நார்டெப் அமைப்பு, சமையலறைக் கழிவில் ஓடுகிற 'சக்தி சுரபி' கலனைப் பரப்பியது. உணவுக் கழிவென்றால் சாணத்தைவிடக் குறைந்த எடையிலேயே வாயு வரும். ஓட்டல், கல்யாண மண்டபம், விடுதி, சந்தை இங்கெல்லாம் கழிவு தினமும் உண்டு. நமக்கு இதில் நல்ல வேலை, கலன் விற்பதைவிடப் பராமரிப்பு. குழாய்க் கசிவு பார்ப்பது, பர்னர் மாற்றுவது, கரைசலை உரமாக விற்பது. இதற்குப் பெரிய கடன் வேண்டாம், பயிற்சிதான் வேண்டும்.

*கூரைச் சோலார்.* 2024 பிப்ரவரியில் மத்திய அரசு வீட்டுக் கூரைச் சோலார் திட்டம் தொடங்கியபோது, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் அறிவித்தது. தகடு கூடக் கூடத் துடைக்க, கம்பி பார்க்க, பழுது சொல்ல ஆள் தேவைப்படும். ஐ.டி.ஐ. படித்த நம் பெண்பிள்ளைகளை இதற்குப் பழக்கலாம். கூரை மேல் ஏறுகிற வேலை, கரண்ட் வேலை. பாதுகாப்புப் பயிற்சி இல்லாமல் ஒருவரையும் அனுப்பக் கூடாது.

*கதம்பையும் மட்டையும்.* கதம்பையில் இருந்து நார் எடுத்த பிறகு மிஞ்சுகிற நார்ச்சோறு ஈரத்தை நன்றாகப் பிடித்து வைக்கும். மழை தவறுகிற ஊர்களிலும் மாடித் தோட்டக்காரர்களிடமும் இதற்கு விலை உண்டு. உப்பு போகக் கழுவிக் கொடுப்பது முக்கியம். பாக்கு மட்டைத் தட்டு, துணிப்பை ஆகியவற்றுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் வந்த பிளாஸ்டிக் தடை வழி திறந்தது. ஆனால் சட்டத்தை மட்டும் நம்பிய வியாபாரத்தில் ஆபத்தும் உண்டு. சோதனை தளர்ந்தால் கடைக்காரர் பழைய பைக்கே போய்விடுவார். கோவில் கொடை, கல்யாணம், ஆசிரமம், கேன்டீன் என்று நிரந்தர ஆர்டர் பிடித்தவர்களுக்குப் பயம் குறைவு.

மானியம் பற்றி ஒரு வார்த்தை

மானியம் வாங்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. நாகர்கோவிலில் உள்ள மாவட்டத் தொழில் மையத்திலும், மகளிர் திட்ட அலுவலகத்திலும் இப்போது என்ன திட்டம் நடப்பில் இருக்கிறது என்று நேரில் கேளுங்கள். திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி பற்றிக் கேளுங்கள். ஆனால் மானியம் இல்லாவிட்டாலும் இந்தத் தொழில் ஓடுமா என்று முதலில் கணக்குப் போடுங்கள். ஓடும் என்றால் மானியம் லாபம். ஓடாது என்றால் மானியம் கொஞ்ச நாள் மூச்சு மட்டும்தான். மானியப் பணம் வரத் தாமதமானால் அதுவரை வட்டி கட்டுவது யார் என்பதையும் முன்னாலேயே பேசிவிடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

ஊக்குநரோ பிரதிநிதியோ இதை வாசித்துக் காட்டி, நீங்கள் நினைத்திருக்கிற தொழிலை வைத்து இந்தக் கேள்விகளுக்குப் பதிலை நோட்டில் எழுதுங்கள்.

1. நம் பொருளை வாங்கப்போகிற ஐந்து பேர் யார்? சொந்தக்காரர்களை விட்டுச் சொல்லுங்கள். அவர்களிடம் விலை பேசியாச்சா?

2. மூலப்பொருள் எத்தனை மாதம் கிடைக்கும்? விலை ஒன்றரை மடங்கு ஆனால் என்ன செய்வோம்?

3. மெஷின் நின்றால் வந்து பார்க்கிறவர் எந்த ஊர்? எத்தனை நாளில் வருவார்? நம்மில் யார் அதைக் கற்றுக்கொள்வது?

4. வருமானமே வராத மூன்று மாதத்துக்குத் தவணைப் பணம் தனியாக இருக்கிறதா?

5. வரவு செலவு எழுதப் போவது யார்? எல்லோரும் பார்க்கும்படி வாரா வாரம் வாசிக்கப்படுமா?

6. கடன் வாங்கும் முன்னால் சின்ன அளவில் ஒரு மாதம் செய்து பார்க்க முடியுமா? உலர்த்தி வாங்கும் முன்னால், உலர்த்தி வைத்திருப்பவரிடம் கூலி கொடுத்து 50 கிலோ காயவைத்து விற்றுப் பாருங்கள்.

ஆறில் இரண்டுக்குப் பதில் இல்லையென்றால், அந்தத் தொழிலை வேண்டாம் என்று தள்ள வேண்டியதில்லை, தீர்மானத்தை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். அந்த ஒரு மாதத்தில் சந்தைக்கும், கடைக்கும், ஏற்கெனவே அந்தத் தொழில் செய்கிறவர் வீட்டுக்கும் இரண்டு உறுப்பினர்கள் போய்வரட்டும். பஸ் செலவைக் குழுச் செலவில் எழுதலாம். கடன் வாங்கிய பிறகு தெரிந்துகொள்வதைவிட அந்த பஸ் டிக்கெட் எவ்வளவோ மலிவு. போய்வந்தவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதின பதில்களைக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரே தொழிலை நினைக்கிற குழுக்கள் சேர்ந்து வாங்கவும் விற்கவும் வழி இருக்கிறதா என்று அங்கே உட்கார்ந்து பேசலாம்.